“நான் யார்” என்று எழுத உட்கார்ந்தால் பயோடேட்டாதான் வருகிறது

மைக்கூடு:
பெயர், வேலை, உறவுமுறை. அதைத் தாண்டினால் “நேர்மை, கொஞ்சம் கோபம்” ரகம், இல்லாவிட்டால் ஒரே புலம்பல். தினம் அரைமணி நேரம் ஒதுக்க முடியும். கொலாஜ், ஓவியம் என்றாலும் சரி, ஆனால் வரைய வராது. எங்கே தொடங்கலாம்?

ஓரக்குறிப்பு:
பயோடேட்டா முழுதாக வந்து தீரட்டும். 1954-இல் கூன், மெக்பார்ட்லண்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் இதையே சோதனையாக வைத்தார்கள்: “நான் யார்?” என்பதற்கு 20 பதில், 12 நிமிடத்தில். வேலை, உறவு, மதம் போன்றவை முதலில் வரிசைகட்டி வந்தன. அவை தீர்ந்த பிறகே மற்றவை வந்தன. பலரும் எட்டாவது வரியிலேயே பேனாவை மூடிவிடுவதுதான் சிக்கல். 1 முதல் 20 வரை எண்ணை முதலிலேயே எழுதிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மறுநாள் கடைசி வரிகளில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வரியில் ஒரு காட்சி எழுதுங்கள். இடம், நேரம், கையில் இருந்த பொருள், வாயிலிருந்து வந்த சொல். “கோபம்” என்பதைப் படம்பிடிக்க முடியாது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதைப் பிடிக்கலாம்.

வெண்பலகை:
புலம்பலுக்கு: “ஏன் இப்படி இருக்கிறேன்” என்று தொடங்கும் பக்கம் செக்குமாடுதான். “என்ன நடந்தது, அப்போது என்ன செய்தேன்” என்று மாற்றுங்கள். பிறகு அதே பக்கத்தைப் படர்க்கையில், உங்கள் பெயரைப் போட்டுத் திருப்பி எழுதுங்கள். தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. எழுவாயை விட்டுவிட்டாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். “போனாள், சொன்னாள்” என்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் “அழுதேன்” என்று வந்து விழும். திருத்தாதீர்கள், அடிக்கோடு போடுங்கள். தள்ளி நின்று பார்க்க முடியாத இடம் பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று, பழைய குறிப்புகளில் “நாம்” எங்கே, “நாங்கள்” எங்கே என்று வட்டமிடுங்கள். வீட்டைப் பற்றி “நாங்கள்”, நண்பர் கூட்டத்துக்கு “அவர்கள்” என்றே எழுதியிருந்தால், யாரைத் தன்னோடு சேர்த்து எண்ணுகிறோம் என்பது தெரிந்துவிடும். பெயரடைப் பட்டியலைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

ஆறாத காயத்தை முதல் வாரம் தொடவேண்டாம். எழுதியபின் நாள் முழுக்க மனம் அதிலேயே சுழன்றால் அந்தத் தலைப்பை நிறுத்திவிடுங்கள்.

கத்தரியும்கோந்தும்:
வரையத் தெரியாதது நல்லதுதான். கண்ணாடி முன் உட்கார்ந்து, தாளைப் பார்க்காமல், பென்சிலை எடுக்காமல் 5 நிமிடம் முகத்தின் விளிம்பை மட்டும் பின்தொடருங்கள். கோணல்மாணலாக வரும். அழகாக்கிக்கொள்ள வாய்ப்பே இல்லை என்பதால்தான் இந்த முறை.

கொலாஜுக்கு, தலைப்பு எதுவும் வைக்காமல் பழைய இதழ்களிலிருந்து 15 நிமிடத்தில் 30 படம் கத்தரித்து, 10-ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு வைத்தால் ஆசைப் பட்டியலாகிவிடும். அன்றே ஒட்டவேண்டாம், மறுநாள் இடம் மாற்றத் தோன்றும். தண்ணீர்ப்பதமான கோந்து தாளைச் சுருக்கும், குச்சிப்பசை போதும். தள்ளிய 20-ஐ உறையில் போட்டு வையுங்கள். “இது நான் இல்லை” என்று சட்டென்று தள்ளியவற்றைப் பற்றி எழுத நிறைய இருக்கும்.

மைக்கூடு:
20-இல் 13-ஆவதில் நின்றுவிட்டது. விட்டுவிடலாமா?

ஓரக்குறிப்பு:
வேண்டாம். மீதி ஏழையும் “நான் ... இல்லை” என்று எழுதுங்கள்.