உடும்புக்கு விடாப்பிடி வருமா?

குளக்கட்டு:
மகள் ஏழாம் ஆண்டு படிக்கிறாள். விடாப்பிடி என்ற சொல்லை வைத்து மூன்று வசனம் எழுதச் சொல்லி வீட்டுப்பாடம். அவள் எழுதியது இது:
தம்பி புதுச் சைக்கிள் வேண்டும் என்று விடாப்பிடியாக அழுதான்.
அம்மம்மா விடாப்பிடியாக அலைந்து எங்கள் காணியை மீட்டார்.
உடும்பு பாலைமரத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது.
முதலாவது சரியாம். இரண்டாவதில் சொல்லை வெட்டி 'விடாமுயற்சியாக' என்று சிவப்பு மையில் மாற்றியிருக்கிறது. மூன்றாவதுக்குப் பெரிய பிழை, பக்கத்தில் "விலங்குக்கு விடாப்பிடி கிடையாது". வன்னியில் இருந்துகொண்டு உடும்புக்குப் பிடி இல்லை என்று எழுதினால் கோபம் வருமா வராதா?

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
அந்த ஆசிரியர் செய்தது சரி. பிடி இல்லை என்று அவர் எழுதவில்லை, விடாப்பிடி இல்லை என்றுதான் எழுதினார். விட்டுவிடலாம் என்று தெரிந்தும் விடாமல் நிற்பவனுக்குத்தான் அந்தச் சொல். உடும்புக்கு அந்த யோசனை ஏது? 32 வருடம் தமிழ் படிப்பித்தவன் சொல்கிறேன்.

முறிகண்டிக் கச்சான்:
யோசனை இல்லை என்று உடும்பு உங்களிடம் வந்து சொன்னதா மாஸ்டர்?

பாலைப்பழம்:
விடாத பிடி, ஈறு கெட்டு விடாப்பிடி. ஓடாக் குதிரை, அழியாப் புகழ் மாதிரி. சொல்லிலேயே நகமும் கையும் இருக்கிறது, மனதுக்கு அது பிறகு போயிருக்கும். உடும்பு பொந்துக்குள் நுழைந்து உடம்பை ஊதிக்கொண்டால் இரண்டு பேர் வாலைப் பிடித்து இழுத்தாலும் வராது. அது விடாத பிடி இல்லையென்றால் வேறு எது?
ஆனால் எனக்கு இரண்டாவது வசனம்தான் கவலை. விடாமுயற்சி என்று திருத்தினால் கருத்தே மாறுகிறது. சோதனைக்குப் படிக்கிற பிள்ளையிடம் இருப்பது விடாமுயற்சி. அங்கே எதிரில் நின்று யாரும் மறிக்கவில்லை. முடியாது என்று ஒருவர் சொல்லச் சொல்ல, திரும்பத் திரும்பப் போய் நிற்பதுதான் விடாப்பிடி. அம்மம்மா செய்தது அது.

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
இலக்கணக் குறிப்புக்கு நன்றி, எனக்கும் தெரியும். அதற்காகத்தானே உடும்புப்பிடி என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது? உடும்புக்கு உடும்புப்பிடி, மனிதனுக்கு விடாப்பிடி. மேலும், 'விடாப்பிடியாகப் பிடித்தது' என்பதில் பிடி இரண்டு தரம் வருகிறது. கூறியது கூறல். அதற்கே புள்ளி குறைக்கலாம்.

நெடுங்கேணிப் பெடியன்:
"அவன் உடும்புப்பிடியாக நின்றான்" என்று மனிதனைத்தானே சொல்கிறோம்? மனிதன் உடும்பிடம் கடன் வாங்கலாம், உடும்பு மனிதனிடம் வாங்கக் கூடாதோ?

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
அது உவமை, தம்பி. உவமை ஒருவழிப் பாதை.

நெடுங்கேணிப் பெடியன்:
"மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா" என்ற பழமொழி? மூர்க்கனுக்கும் முதலைக்கும் ஒரே 'விடா'. ஒருவழிப் பாதையில் முதலை எப்படி வந்தது?

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
அங்கே 'விடா' வினைமுற்று. விடாப்பிடி என்று இல்லை. நான் கேட்பது உடும்பு. முதலையைக் கொண்டுவந்து என் வாயை அடைக்க வேண்டாம்.

முறிகண்டிக் கச்சான்:
இரணைமடுக் குளத்துக்கு வாருங்கள், முதலையே வந்து அடைக்கும்.

ஆனையிறவு உப்பு:
எனக்கு மாஸ்டருடன் பாதி உடன்பாடு. விடாப்பிடி நல்ல சொல்லே இல்லை. எங்கள் வீட்டில் விடாப்பிடி என்றால் திட்டு. அம்மம்மாவுக்கு அதைப் போடுவது மரியாதைக் குறைவு. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் இப்படியெல்லாம் எழுத விடமாட்டார்கள்.

பாலைப்பழம்:
வந்துவிட்டது யாழ்ப்பாணம்.
சரி, கேட்கிறேன். முல்லைத்தீவில் கேப்பாப்பிலவு, பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைக் கேட்டு 2017 ஜனவரி 31 இல் விமானப்படை முகாமுக்கு முன்னால் குந்தியது. பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம் அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. மார்ச் 1 இல் காணி திரும்பியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் அதே வருடம் பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் போராட்டத்துக்குக் குந்தினார்கள். அந்தத் தாய்மாரை என்ன சொல்லிச் சொல்வீர்கள்? விடாமுயற்சி என்றா? வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவர்களுக்குச் சொல்வது மாதிரியா?

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
அவர்களை நான் வணங்குகிறேன். அதை உறுதி என்று சொல்லலாம். ஆனால் என் கேள்வி உடும்பு. உடும்பைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பாலைப்பழம்:
நான் இவ்வளவு எழுதியதற்கு இதுவா பதில்?

குளக்கட்டு:
எங்களிடம் இதற்கென்றே சொல் இருக்கிறதே, ஓர்மம். "அவள் ஓர்மமாக நின்றாள்" என்றால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள். மகளிடம் அதை எழுதச் சொல்லியிருப்பேன், ஆனால் கேட்ட சொல் விடாப்பிடி.

மதுரைக்காரன்:
ஓர்மம்னா என்னங்க? மலையாளத்துல ஓர்மைன்னா ஞாபகம். அதுவா? எங்க பக்கம் அடம், பிடிவாதம், ஒத்தக்கால்ல நிக்கிறதுன்னு சொல்வோம்.

நெடுங்கேணிப் பெடியன்:
ஞாபகம் இல்லை அண்ணா. மனத்திடம், வைராக்கியம். "ஓர்மமான பெடியன்" என்றால் இலேசில் மசியமாட்டான் என்று கருத்து.

ஆனையிறவு உப்பு:
ஓர்மம் யாழ்ப்பாணத்துச் சொல். வன்னிக்குப் பிறகு வந்தது.

முறிகண்டிக் கச்சான்:
எந்தப் பஸ்ஸில் வந்தது? முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு வந்ததா, உடைக்காமல் வந்ததா?

ஆனையிறவு உப்பு:
பகிடி விடத்தான் தெரியும். ஆதாரம் கேட்டால் ஒருவரும் இல்லை.

குளக்கட்டு:
ஆதாரம் நீங்கள் தர வேண்டும், அண்ணை. சொன்னது நீங்கள்.

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
ஓர்மத்தை விடுங்கள். மூன்றாவது வசனத்துக்கு வருவோம். "உடும்பு மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டது." பாருங்கள், எவ்வளவு அழகு. எதற்கு விடாப்பிடி?

முறிகண்டிக் கச்சான்:
எதற்கென்றால், கேட்ட சொல் விடாப்பிடி என்பதால். அந்தச் சொல் இல்லாமல் எழுதினால் அதற்கும் பிழை போடுவீர்கள். மாஸ்டர், குறை நினைக்கக் கூடாது, போன வைகாசியில் வற்றாப்பளைக்குப் பெயர் பத்தாம் பளையில் இருந்து வந்ததா, வற்றாத நீரில் இருந்து வந்ததா என்று மூன்று நாள் இழுத்தவர் நீங்கள். அங்கே அம்மன் கோவில் வைகாசிப் பொங்கல் முடிந்து சனம் வீட்டுக்குப் போன பிறகும் எழுதிக்கொண்டிருந்தீர்கள். உங்களை விடாப்பிடி என்று சொல்லலாமா?

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
தாராளமாகச் சொல்லலாம். நான் மனிதன். வசனத்தில் பிழை இல்லை. உடும்பைத்தான் சொல்லக் கூடாது. வற்றாப்பளை விசயத்திலும் நான் சொன்னதுதான் சரி, அன்றைக்கு நீங்கள்தான் பாதியில் ஓடிப்போனீர்கள்.

முறிகண்டிக் கச்சான்:
ஓடவில்லை, ஃபோனில் சார்ஜ் இல்லை.

நெடுங்கேணிப் பெடியன்:
என் அப்பப்பா காட்டுக்குப் போகிறவர். மரத்தில் இருக்கிற உடும்பை இழுத்தால் பட்டையோடுதான் வரும் என்பார். யோசித்துத்தான் பிடிக்கிறது, ஆள் பலம் பார்த்து இன்னும் இறுக்கும் என்றும் சொல்வார். கறியும் நல்ல ருசியாம்.

ஆனையிறவு உப்பு:
உடும்பு பாதுகாக்கப்பட்ட பிராணி. 1937ஆம் ஆண்டிலேயே தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. இப்படி எழுதினால் பிடித்துக் கொடுக்கலாம் தெரியுமா?

நெடுங்கேணிப் பெடியன்:
அப்பப்பா செத்து 20 வருடம். யாரைப் பிடிப்பீர்கள்?

மதுரைக்காரன்:
எங்க ஊர்லயும் உடும்புக்கறிக்குத் தடைதாங்க.

குளக்கட்டு:
நான் கறியைப் பற்றிக் கேட்கவில்லை. நாளைக்கு மகள் கொப்பியைக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது வசனத்தைத் திருத்தி எழுதட்டுமா, அப்படியே விடட்டுமா?

பாலைப்பழம்:
அப்படியே விடச் சொல்லுங்கள். அம்மம்மா விடாமல் அலைந்ததை அந்தப் பிள்ளை கண்ணால் கண்டிருக்கிறது. சிவப்பு மை காணவில்லை.

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
இரண்டாவதை எப்படியும் செய்யுங்கள், அதில் நான் தலையிடவில்லை. மூன்றாவதை மாற்ற வேண்டும். உடும்பு யோசித்துப் பிடிக்கிறது என்று அப்பப்பா சொன்னதெல்லாம் ஆதாரம் ஆகாது.

நெடுங்கேணிப் பெடியன்:
அப்பப்பாவை இழுக்காதீர்கள் மாஸ்டர்.

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
இழுத்தது நீங்கள், தம்பி. மேலே ஏறிப் பாருங்கள்.