தருமபுரி, கிருஷ்ணகிரி பின்கோடுகளை ஒட்டினால் வரும் எண்: காரணி காண உதவுங்கள்

கணக்கு வாத்தியார்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். தருமபுரியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பகாக் காரணிப் பாடத்துக்குப் பின்கோடுகளையே கணக்காகக் கொடுத்தேன்.

நம்ம ஊர் 636701 = 13 × 17 × 43 × 67. கிருஷ்ணகிரி 635001 = 3 × 17 × 12451. இந்த 12451 பகா எண்தான், 109 வரை வகுத்துப் பார்த்தாயிற்று. இரண்டிலும் 17! வித்தியாசம் 1700 என்பதால் ஒன்று வகுபட்டால் மற்றதும் வகுபட்டே தீரும்.

சரி, அதோடு விடுவார்களா? ஒரு வாண்டு இரண்டையும் ஒட்டி 636701635001 என்று எழுதிவிட்டது. அதை 17ஆல் வகுத்தால் வருவது 37453037353. இலக்கங்களின் கூட்டல் 43, ஆக 3 போகாது. வலமிருந்து மூன்று மூன்றாகப் பிரித்தால் 353 − 37 + 453 − 37 = 732. இப்படி மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 1001ஆல் வகுத்த மீதி மாறாது; 1001 = 7 × 11 × 13 அல்லவா? 732 இந்த மூன்றாலும் வகுபடாது, அதனால் பெரிய எண்ணும் வகுபடாது.

அதற்கு மேல்தான் சிக்கல். வர்க்கமூலமே 1,93,500ஐத் தாண்டுகிறது; அதுவரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க முடியுமா? ஃபெர்மா சோதனை (வகுத்துப் பார்க்காமலே பகு எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை) பகு எண் என்று காட்டிக்கொடுத்தாலும் காரணியைச் சொல்லாது. செல்போனில் தட்டினால் விடை வந்துவிடும், அது வேண்டாம். தாளில் போட்டு, எட்டாவது பிள்ளைக்குப் புரியவைக்கிற வழி இருந்தால் சொல்லுங்கள். ஞாயிறு வகுப்புக்குள் கிடைத்தால் நல்லது.