எம்ஜிபி 1967: எஸ்.யூ எச்எஸ்4 ஜோடியைச் சரிசெய்வதா, கழற்றிப்போட்டு வெபரா?

கீழக்கரை_ரோட்ஸ்டர்:
வண்டி 1967 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, எஸ்.யூ எச்எஸ்4 கார்புரேட்டர் இரண்டு. கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஊற்றுவது இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோல்.

எஞ்சின் சூடானதும் ஸ்லோ ஸ்பீடு 700க்கும் 1200க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. முன் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்டாசு. டேஷ்பாட்டை (கார்புரேட்டர் தலையில் இருக்கும் குடுவை) திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. ரிப்பேர் கிட் போதுமா, புது ஜோடி வாங்கணுமா, இல்லை ஒற்றை வெபர் 32/36 கார்புரேட்டருக்குப் போய்விடலாமா?

அம்பாசிடர்_பட்டறை:
தம்பி, வெபர் பேச்சை ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்னது ஒரே கோளாறு இல்லை. ரிப்பேர் கிட் தீர்ப்பது அதில் ஒன்றைத்தான்.

சொட்டுவதை முதலில் பாருங்கள். இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதிக்கும். சரியாகும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம்.

இக்னிஷனை மட்டும் போட்டுக் காது கொடுங்கள். பின்னால் இருக்கும் எஸ்.யூ பம்ப் கொஞ்ச நேரம் டிக் டிக் என்று அடித்து, ஃப்ளோட் கிண்ணங்கள் நிறைந்ததும் நிற்கணும். நிற்காமல் அடித்துக்கொண்டே சொட்டினால், கிண்ணத்துக்குப் பெட்ரோல் விடும் நீடில் வால்வு மூடவில்லை. வால்வு முனையில் தேய்ந்த வளையம் தெரிகிறதா பாருங்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையை (ஃப்ளோட்) காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் தூக்கிப்போடுங்கள். இரண்டும் நல்லபடி இருந்தால் பம்பைச் சந்தேகப்படணும். 3 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் தள்ளும் பம்பை யாராவது மாட்டியிருந்தால் புது வால்வும் தாங்காது.

மிதவை உயரம்: கிண்ண மூடியைக் கவிழ்த்துப் பிடித்தால் மிதவை தன் எடையில் வால்வை மூடி நிற்கும். மிதவைக்கும் மூடி விளிம்புக்கும் 1/8 முதல் 3/16 அங்குலம் (3.2–4.8 மிமீ) இடைவெளி வேண்டும். 1/8 அங்குல ட்ரில் பிட்டைக் குறுக்கே வைத்தால் அதுவே கேஜ்.

நம்ம ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. பழைய 1489 சிசி அம்பாசிடரும் உங்கள் எம்ஜிபி மாதிரியே பி-சீரிஸ் எஞ்சின்தான், அதிலிருப்பது எஸ்.யூ எச்எஸ்2. மிதவை, நீடில் வால்வு இரண்டும் எச்எஸ்4க்கும் பொருந்தும். ஆனால் டேஷ்பாட், அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனில் நிற்கும் நீடில் இவற்றில் எதையும் அதிலிருந்து எடுக்காதீர்கள்; அளவே வேறு.

ஸ்லோ ஸ்பீடு ஆடுவது பெரும்பாலும் த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்றுத் தகட்டைத் திருப்பும் தண்டு) வழியாக ஏர் எடுப்பது. ஸ்பிண்டில் முனையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே, ஸ்பிண்டில் வெளிவரும் இடத்தில் துளி எஞ்சின் ஆயிலைத் தடவுங்கள். ஸ்லோ ஸ்பீடு ஆட்டம் சற்று அடங்கினால் குற்றவாளி அதுதான். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைச் சூடான எக்ஸாஸ்ட் மேல் அடிக்க வேண்டாம்.

கீழக்கரை_ரோட்ஸ்டர்:
காக்கா, பம்ப் நிற்காமல் அடிக்கிறது. முன் வால்வில் வளையம் தெரிகிறது. ஸ்பிண்டில் இரண்டுமே ஆடுகின்றன, பின்னது அதிகம். ஸ்பிண்டிலை மட்டும் மாற்றினால் போதுமா?

அம்பாசிடர்_பட்டறை:
புது ஸ்பிண்டிலை (5/16 அங்குலம்) நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆட்டம் போனால் அதோடு விடுங்கள். போகாவிட்டால் பாடி தேய்ந்திருக்கிறது, துளைக்குள் புஷ் (உலோக வளையம்) போடணும். மதுரையில் நல்ல லேத்தாகப் பாருங்கள். இரண்டு பக்கத் துளையையும் ஒரே செட்டிங்கில் ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) விடச் சொல்லுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் நேர்கோடு தவறி, ஸ்பிண்டில் இறுகி, த்ராட்டில் முழுசாக மூடாது.

ஸ்பிண்டிலில் நிற்கும் பட்டர்ஃப்ளை தகட்டின் இரண்டு ஸ்க்ரூவும் நுனி பிளந்து விரித்தவை. அப்படியே திருப்பினால் ஸ்பிண்டிலின் மரை உரிந்துவிடும். விரிந்த நுனியை முதலில் அரத்தால் ராவிவிட்டுக் கழற்றுங்கள். தகட்டின் விளிம்பு சாய்வாக வெட்டியது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது புது ஸ்க்ரூவைத் தளர்வாக வைத்து, த்ராட்டிலை நாலு தரம் படக்கென்று மூடவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சுற்றிலும் ஒரே மாதிரி மூடினால் இறுக்கி நுனியை விரித்துவிடுங்கள். விரிக்க மறந்த ஸ்க்ரூ ஒருநாள் கழன்று நேராக சிலிண்டருக்குள் போகும்.

தங்கச்சிமடம்_கேரேஜ்:
வெள்ளைப் பொடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது உப்புக் காற்றில் அலுமினியம் பூப்பது. எமரி தாளைத் தொடவே கூடாது. டேஷ்பாட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிதான் இந்தக் கார்புரேட்டரின் உயிர். தின்னரில் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள். முன்னதும் பின்னதும் கலந்துவிடாமல் குறி போடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனும் தன் டேஷ்பாட்டுக்கென்றே தேர்ந்து சேர்த்தது.

துடைத்தபின் சோதனை: ஸ்பிரிங்கும் ஆயிலும் இல்லாமல், டாம்பரை (டேஷ்பாட்டின் மேல் மூடியோடு வரும் தண்டு) மாட்டி, பிஸ்டனில் உள்ள சிறு காற்றுத் துளைகளைக் களிமண்ணால் அடைத்து, பிஸ்டனை டேஷ்பாட்டுக்குள் முழுக்கத் தள்ளித் தலைகீழாகப் பிடியுங்கள். டேஷ்பாட் நழுவி இறங்க 5 முதல் 7 விநாடி ஆகணும். கீழே கை வைத்துக்கொள்ளுங்கள், விழுந்து நசுங்கினால் முடிந்தது. அதைவிட வேகமாக விழுந்தால் தேய்மானம். நடுவில் சிக்கினால் அழுக்கு அல்லது நெளிவு. இதில் தேறாத ஜோடிக்குத்தான் புதுசு வாங்கும் யோசனை.

பெட்ரோல் மேலே வரும் ஜெட்டுக்கு முன், பின் வேறுபாடு உண்டு, ஜோடியாகவே கேளுங்கள். ஜெட்டோடு இணைந்த நைலான் குழாயின் முனை சீலுக்கு வெளியே 3/16 அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்கணும். குறைந்தால் அங்கேயே கசியும். பிஸ்டன் நீடில் ஆடாத நிலையான வகையாக இருந்தால் ஜெட்டை மையப்படுத்தணும். ஜெட்டை மேலே ஏற்றி, பெரிய நட்டைத் தளர்த்தி, பிஸ்டனை அழுத்திப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டொக்' என்று விழணும். ஜெட்டைக் கீழே இறக்கியும் அதே சத்தம் வரணும்.

ஈசிஆர்_1798:
இ20க்கு ஒரு வார்த்தை. சாதாரண பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால், எத்தனாலுக்கு 9 தான். இ20 சுமார் 13.5க்கு வரும். 1967இல் வைத்த செட்டிங் இன்று லீன் (பெட்ரோல் குறைவு). உங்கள் பட்டாசுக்கு அதுவும் ஒரு காரணம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஊதுகிறதா என்றும் பாருங்கள்.

ட்யூனிங்குக்கு முன் வால்வு இடைவெளி 0.015 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.015, பிறகு இக்னிஷன் டைமிங். இவை சரியில்லாமல் கார்புரேட்டரைத் திருகுவது வீண் வேலை. ஜெட்டைப் பாலத்தோடு (கார்புரேட்டர் வாயின் அடித்தளம்) சமமாக ஏற்றி, ஜெட் நட்டை 12 பட்டை (இரண்டு முழுச் சுற்று) கீழே இறக்கி ஆரம்பியுங்கள். இரண்டு ஸ்பிண்டிலையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் 'உஸ்' சத்தம் ஒன்றாகும்வரை த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பிறகு பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்). எஞ்சின் திணறி அணையப் போனால் லீன். லேசாக ஏறிப் பழையபடி வந்தால் சரி. இ20க்குப் பெரும்பாலும் இன்னும் இரண்டு மூன்று பட்டை இறக்க வேண்டிவரும். ஓட்டத்தில் லீனாகவே இருந்தால் ஒரு படி ரிச்சான நீடில்.

டேஷ்பாட்டில் 20 கிரேடு ஆயில், பிஸ்டன் தண்டின் வாய்க்கு மேல் அரை அங்குலம் வரை. இங்கே வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஓடும். தையல் மிஷின் எண்ணெய் விட்டால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது இருமும்.

வெபர் கேட்டீர்கள். அதற்குத் தனி மேனிஃபோல்டு வேண்டும், ஜெட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்கணும், இந்த உப்புக் காற்று அதையும் விடாது. பாடி புஷ் போடும் நிலையைத் தாண்டியிருந்தால் புது எச்எஸ்4 ஜோடியே வாங்குங்கள். இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் இன்னும் எஸ்.யூ பெயரிலேயே செய்கிறார்கள்.

கீழக்கரை_ரோட்ஸ்டர்:
ஐப்பசி கார்த்திகை மழையில் ரெண்டு மாசம் நிறுத்திவைக்கணும். பெட்ரோலை அப்படியே விடலாமா?

தங்கச்சிமடம்_கேரேஜ்:
விடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தங்கி அதே வெள்ளைப் பொடியை உண்டாக்கும். பம்ப் ஒயரைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். மூடியைத் திறந்து மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்பிண்டிலிலும் லிங்கேஜிலும் ஆயில் தடவுங்கள். டேங்கைக் காலியாக விட்டால் உள்ளே துரு, நிறைத்து விட்டால் பெட்ரோல் கெடும். இரண்டு மாசத்துக்கு நிறைத்து விடுவதே தேவலை. பெட்ரோல் குழாயை ஆர்9 என்று அச்சிட்டதாகப் பார்த்து இப்போதே மாற்றிவிடுங்கள், பழைய ரப்பர் இ20இல் ஊறி உரியும். அந்தத் துணுக்கு போய் உட்காருவது புது நீடில் வால்வில்தான்.