தக்காளிப் பைக்குள் முளைத்த பஞ்சு

அரும்பாக்கம் அக்கா:
போன கார்த்திகையில் தொக்கு போடலாம் என்று கோயம்பேட்டில் பத்து கிலோ நாட்டுத் தக்காளி வாங்கினேன். அடைமழை நேரம். பை முடிச்சைக்கூட அவிழ்க்காமல் சமையலறைத் தரையில் வைத்துவிட்டேன். மறுநாள் கரண்ட் இல்லை, மிக்சி ஓடாது, தொக்கு தள்ளிப்போனது. மூன்றாம் நாள் காலையில் கள்ளு மாதிரி ஒரு புளித்த வாடை. மேலே இருந்த பழமெல்லாம் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. கையை அடியில் விட்டால் சொதசொத. ஒரு பழம் வெடித்து, அதிலிருந்து கிளம்பிய சாம்பல் நிற நூல்கள் பக்கத்தில் இருந்த நாலைந்தையும் சேர்த்துக் கட்டியிருந்தன. ஒன்றைத் தூக்கினால் கொத்தாக வந்தது. நூல் நுனியெல்லாம் குண்டூசித் தலை மாதிரி பொடிப்பொடியாய்க் கறுப்புப் புள்ளி.

தோட்டக்கலை படிக்கும் அண்ணன் மகளுக்குப் போட்டோ அனுப்பினேன். “ரைசோபஸ் என்ற பூஞ்சை, அத்தை. கீறலோ வெடிப்போ இருந்தால்தான் உள்ளே நுழையும். ஒன்றில் உட்கார்ந்துவிட்டால், ஒழுகும் சாற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவிவிடும். கட்டிய பைக்குள் ஈரமும் புழுக்கமும் வேறு. அந்தக் கறுப்புப் புள்ளி முழுக்க வித்துகள்” என்றாள். நான் அதை ஊதி வேறு பார்த்திருந்தேன்!

வண்டிக்காரர் மகன்:
அப்பா வியாசர்பாடியில் தள்ளுவண்டி வைத்திருந்தார். விடிகாலை மூன்று மணிக்கே கோயம்பேடு போய்விடுவோம். மதனப்பள்ளி, கோலார் பக்கத்துச் சரக்கு ராத்திரி முழுக்க லாரியில் குலுங்கி வந்திருக்கும். கிரேட்டில் விளிம்புக்கு மேலே குவித்து, அதன் தலையில் இன்னொரு கிரேட்டை ஏற்றினால் என்ன ஆகும்? அடியில் இருப்பது நசுங்கும், காய்ந்த காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தும். வந்ததும் கோணியில் கொட்டிப் பொறுக்குவோம். செங்காய் நாளைக்கு, பழுத்தது இன்றைக்கு, கசிந்தது தனியாக. ஒரு நாள் பூசணம் பிடித்த பழத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அதே துணியால் மற்றதையும் துடைத்தேன். அப்பா முதுகில் ஒன்று வைத்தார். “டேய், ஒன்றில் இருந்ததை எல்லாவற்றுக்கும் பூசுகிறாயே!”

இன்னொன்று, அக்காமார் அண்ணன்மார் கோபிக்கக் கூடாது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்காதீர்கள். அந்தப் பழம் அடுத்தவர் வீட்டில்தான் அழுகும்.

நங்கநல்லூர் மாமி:
2023 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? கிலோ நூறைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, அப்போது. கெட்டுப்போகக் கூடாது என்று, பாதி பழுத்த இரண்டு கிலோவை ஃபிரிட்ஜின் அடித்தட்டில் பின்பக்கமாக, ஜில்லென்று இருக்கும் இடத்தில் பத்து நாள் வைத்திருந்தேன். வெளியே எடுத்து வைத்த இரண்டாம் நாளே காம்பு இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம், தொட்டால் வெல்வெட் மாதிரி. சரி, அதை மட்டும் சீவிவிடலாம் என்று வெட்டினால், கறுப்பு நடுத்தண்டு வரை இறங்கியிருக்கிறது. செங்காய்க்கு அந்தக் குளிர் ஆகாது, உடம்பு தளர்ந்ததும் இந்தப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும் என்று பிறகுதான் படித்தேன். ஆல்டர்னேரியா என்று பெயர். அது விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் முழுசாகப் போகாதாம்.

அரும்பாக்கம் அக்கா:
மாமி, அந்தத் தக்காளியை என்ன செய்தீர்கள்?

நங்கநல்லூர் மாமி:
நூறு ரூபாய்த் தக்காளியை எறிய மனசு வருமா? சீவிவிட்டு ரசம் வைத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இப்போதென்றால் அப்படி ரசம் வைக்க மாட்டேன். தக்காளியை ஒரு தட்டில் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றையொன்று இடிக்காமல் அடுக்குகிறேன். வாங்குவதே அரை கிலோதான்.