கண்புரை ஆபரேஷனில் பாட்டு: எந்தக் காதில், எவ்வளவு சத்தம்?

கண் தியேட்டர் நர்ஸ்:

சொட்டு மருந்தில் மரத்துப்போகச் செய்து நடக்கும் பேகோவில், அதாவது புரையை உடைத்து உறிஞ்சியெடுக்கும் ஆபரேஷனில், நோயாளி முழு விழிப்போடு படுத்திருப்பார். முகத்தின் மேல் ட்ரேப் என்ற ஒட்டும் விரிப்பு, கண்ணுக்கு நேரே வெளிச்சம், தலைமாட்டில் விதவிதமாகக் கத்தும் மெஷின். வேலை என்னவோ பத்து இருபது நிமிஷம்தான். அதற்குள் பி.பி. எகிறும், இமையை இறுக்குவார்கள், தாடை நடுங்கும். பாட்டு இதைக் குறைக்கும். ஆனால் ஹெட்போனை மாட்டிவிட்டால் போதும் என்று நினைத்தால் வினைதான்.

தலையைச் சுற்றி மாட்டும் பெரிய ஹெட்போன் வேண்டவே வேண்டாம். தலை நேராக உட்காராது, ட்ரேப்பும் ஒட்டாது. ஆபரேஷன் நடக்காத பக்கக் காதில் மட்டும் சின்ன இயர்போன் போதும். வயரைக் கழுத்தோரமாக மைக்ரோபோர் டேப் போட்டு ஒட்டிவிட்டு, அதற்கப்புறம் ட்ரேப் போடுங்கள். ஆபரேஷன் கண் பக்கம் வைத்தால் கண்ணில் விடும் நீர் நெற்றிப்பொட்டு வழியாக வழிந்து நேராகக் காதுக்குத்தான் போகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீர் போகாமல் இருக்க அந்தக் காதில் பஞ்சு அடைப்பது வழக்கம். ஒரு காதில் பஞ்சு, இன்னொன்றில் பாட்டு என்றால் "வெளிச்சத்தையே பாருங்கம்மா" என்று டாக்டர் சொல்வது எந்தக் காதில் விழும்? பஞ்சை விட்டுவிட்டு, ட்ரேப்பின் நீர்ப்பையை நெற்றிப்பொட்டோடு ஒழுங்காக ஒட்டுங்கள். ஸ்பீக்கரில் போடுவதானால் சத்தம் குறைவாக இருக்கணும். மெஷினின் ஒலி மாறுவதை வைத்துத்தான் உள்ளே உறிஞ்சல் எப்படி இருக்கிறது என்பதை டாக்டர் கணிக்கிறார், அது பாட்டில் அமுங்கிவிடக் கூடாது.

பாட்டை டேபிளில் ஏற்றியபின் தொடங்குவது தாமதம். கண்பாப்பா விரிய சொட்டு போட்டு உட்கார்ந்திருக்கும்போதே கால் மணி நேரமாவது ஓடட்டும். ஃபைலை முன்னாடியே இறக்கி வைத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். லென்ஸின் மேலுறையை வட்டமாகக் கிழிக்கும் நேரத்தில் இடையில் விளம்பரமோ ரிங்டோனோ அலறினால் ஆள் திடுக்கிடுவார். கிழிசல் ஓரத்துக்கு ஓடிவிட்டால் பத்து நிமிஷ வேலை பெரிய வேலை ஆகிவிடும்.

மயக்க மருத்துவர்:

எதைப் போடுவது என்பதை நோயாளியிடமே கேட்டுவிடுங்கள். நிமிஷத்துக்கு 60 முதல் 80 அடி வரும் மெதுவான இசை, பாட்டு வரிகள் இல்லாமல் இருந்தால் நல்லது. வரி தெரிந்த பாட்டென்றால் வாய் கூடவே முணுமுணுக்கும், தலை ஆடும். விரலில் தாளம் போட்டால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தாறுமாறாகக் காட்டும். அலாரம் அடித்ததும் ஆக்ஸிஜனைத் திருகும் முன் விரலைப் பாருங்கள்.

பக்திப் பாட்டு என்றால் எல்லோருக்கும் ஆறுதல் என்று எண்ண வேண்டாம். திருவாசகத்தைத் துக்க வீட்டில் மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு அது டேபிளில் என்ன நினைவைத் தரும்? பழைய சோகப் பாட்டும் அப்படித்தான். அழுதால் கண் நிறையும், தோள் குலுங்கும்.

பலன் எவ்வளவு என்றால், அறுவைக்கு முந்தைய பதற்றம் பற்றி 2013-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பில் 26 ஆய்வுகள், 2,051 பேர். 20 முதல் 80 வரை போகும் பதற்ற அளவுகோலில் சராசரியாக 5.72 புள்ளி குறைந்தது. சின்ன எண்தான், ஆனால் ஊசியும் இல்லை, பக்கவிளைவும் இல்லை. 2019-இல் பென்சில்வேனியாவில் நரம்பு மரப்பு ஊசிக்கு முன் 157 பேரிடம் மிடசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தையும் இசையையும் ஒப்பிட்டார்கள். பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் வெளிச்சத்தம் தடுக்கும் ஹெட்போன் போட்டதால் டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்வதுதான் சிரமமானது. மேலே நர்ஸ் சொன்ன பஞ்சு விஷயமும் இதேதான்.

பல் மருத்துவர்:

எங்களிடம் பயமே டிரில்லின் கீச்சொலிதான். சத்தம் தடுக்கும் ஹெட்போன் தாழ்ந்த உறுமலைத்தான் நன்றாக வெட்டும், கீச்சொலி உள்ளே வந்துவிடும். காதை நிறைக்கும் சிலிக்கோன் முனை இயர்போன் இதைவிட மேல். வாயில் கருவி இருப்பதால் பேச முடியாது, அதனால் "வலித்தால் இடது கையைத் தூக்குங்க" என்பதைப் பாட்டு தொடங்கும் முன்பே சொல்லி ஒருமுறை தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். முன்பே சொல்லாவிட்டால் பயம் என்றே நினைத்துக்கொள்வார்கள், அதைப் பாட்டால் அடக்க முடியாது.

எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்:

இங்கே சாதாரண இயர்போன் உள்ளே வரவே கூடாது, அதில் காந்தம் இருக்கிறது. காற்றுக் குழாய் வழியாக ஒலி வரும் ஹெட்செட்தான். பாஸ் சரியாகக் கேட்காது, ஸ்கேன் ஓடும்போது பாதிப் பாட்டு மெஷின் சத்தத்தில் போய்விடும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் ஏமாற மாட்டார்கள். கையில், எங்களைக் கூப்பிட அழுத்தும் பஸ்ஸர் பந்து கட்டாயம்.

கண் தியேட்டர் நர்ஸ்:

விட்டுப்போனது இரண்டு. காது கேட்கும் கருவி போட்டவருக்கு அதைக் கழற்றிவிட்டு இயர்போன் வைக்காதீர்கள், பாட்டு வேண்டாம், கருவியே இருக்கட்டும். முடிந்ததும் ட்ரேப்பை உரிக்கும் முன் வயரைக் கழற்றிவிடுங்கள். பசையோடு சேர்ந்து இயர்போன் பிய்ந்து வந்தால், நோயாளியின் கை காதுக்குப் போகிற வழியில் கண்ணைத் தொட்டுவிடும்.