தூக்கு வேண்டாம் என்றபோது உங்களிடம் என்ன கேட்டார்கள்?

ஈரோடு:
ஜனவரி 21 வருகிறது. நம் மரண தண்டனை எதிர்ப்புக் கூட்டம், வழக்கம்போல ஒரு சின்ன ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, சுண்டல், டீ. 2014-இல் அந்த நாளில்தான் உச்ச நீதிமன்றம், கருணை மனுக்களை வருடக்கணக்கில் கிடப்பில் போட்டதை முக்கியக் காரணமாகக் காட்டி 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அமர்வுக்குத் தலைமை பி. சதாசிவம், நம்ம பவானிப் பக்கம் காடப்பநல்லூர்க்காரர். நாலே வாரத்தில், பிப்ரவரி 18 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரின் தூக்கும் அவர் அமர்விலேயே ரத்தானது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கூட்டத்தில் நாமே பேசி நாமே கைதட்டிக்கொள்கிறோம். வெளி ஆட்களிடம் சொன்னபோது என்ன நடந்தது? அதை எழுதுங்கள்.

கோவை:
2011 ஆகஸ்டு. மூவர் தூக்குக்குச் செப்டம்பர் 9 என்று நாள் குறித்திருந்தார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கையெழுத்து வாங்க நின்றோம். கல்லூரிப் பசங்கள், கண்டக்டர்கள், பூக்காரம்மா என்று எல்லாரும், "நம்ம பசங்களைக் காப்பாத்தோணுங்" என்று சொல்லிப் போட்டுக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் ஒரு அம்மா வந்தார். மில் வேலை முடிந்த நேரம்போல. முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பேனாவை வாங்கிப் பாதிப் பெயர் எழுதினவர், தாளின் மேலே இருந்த 'மரண தண்டனையை ஒழிப்போம்' என்பதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங் தம்பி, அந்தப் பாப்பாவையும் பையனையும் வாய்க்கால்ல தள்ளுனானே, அவனுக்கும் இதுதானுங்களா?"

கோவைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: 2010 அக்டோபரில் பள்ளிக்குக் கிளம்பிய அக்காவையும் தம்பியையும் கடத்திப்போய் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்காலில் தள்ளிக் கொன்றார்கள். பிடிபட்ட இருவரில் ஒருவனைப் போலீஸ் என்கவுன்டரில் சுட்டபோது ஊரே வெடி வெடித்தது, மிட்டாய் கொடுத்தது. இன்னொருவன் மேல் அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"ஆமாங்கம்மா, அவனுக்கும்தான்" என்றேன். பக்கத்தில் நின்ற நண்பர் என் காலை மிதித்துவிட்டு, "இல்லீங்கம்மா, இது அந்த மூணு பேருக்கு மட்டும்தான்" என்று சமாளித்தார். அந்த அம்மா எழுதின பாதிப் பெயர் மேல் கோடு இழுத்தார், பேனாவை மூடிக் கையில் கொடுத்தார். "உங்க ஊட்ல கொழந்தைங்க இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு பஸ் பக்கம் நடந்தார்.

நண்பர் அதற்கப்புறம் எல்லாரிடமும் அதே வரியைச் சொல்லித் தாள் தாளாக நிரப்பினார். அதெல்லாம் மூவருக்கு விழுந்த கையெழுத்து. மரண தண்டனைக்கு எதிராக விழுந்தது என்று நான் கணக்கில் வைக்கவே மாட்டேன். கோவை வழக்கில் 2012-இல் தூக்கு விதித்தார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் அதை உறுதி செய்தார்கள். சஞ்சீவ் கன்னா மட்டும், குற்றம் உறுதிதான், ஆனால் சாகும்வரை வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை போதும் என்றார். அந்த அம்மாவிடம் அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருந்ததும் அதுதான். யாரையும் வெளியே விடச் சொல்லவில்லை.

உடுமலை:
உங்களுக்கு வெளி ஆள். எனக்குச் சொந்த ஆளே. 2017 டிசம்பர் 12, எங்கள் ஊரில் சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரின் ஆணவக் கொலை வழக்கில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு என்றது. மூவர் தூக்குக்கு எதிராக என்னோடு பேனர் பிடித்த தோழர்தான் லட்டு கொண்டுவந்து நீட்டினார். "இதுக்கு மட்டும் விதிவிலக்கு தோழர், அப்பத்தான் சாதிவெறியனுக்குப் பயம் வரும்" என்றார். ஆளுக்கு ஒரு விதிவிலக்கு வைத்துக்கொண்டால் தூக்குமேடைக்கு வேலை குறையவே குறையாது என்று சொன்னேன். ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் ஐந்து பேரின் தூக்கை ஆயுளாக்கி, சங்கர் கட்டிய பெண்ணின் அப்பாவை விடுதலையே செய்தது. அன்று ராத்திரி அந்தத் தோழரே போன் பண்ணினார். தூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "எப்படிங்க விட்டாங்க?" என்றுதான் திருப்பித் திருப்பிக் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

கொளத்தூர் (மேட்டூர்):
அந்த 15 பேரில் நாலு பேர், வீரப்பன் கூட்டம் வைத்த பாலாறு கண்ணிவெடி வழக்குக்காரர்கள். 1993-இல் 22 உயிர் போனது. 2001-இல் மைசூர் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) கோர்ட் ஆயுள் என்றது, 2004-இல் உச்ச நீதிமன்றம் தூக்காக ஏற்றியது, 2013-இல் கருணை மனு தள்ளுபடி, 2014-இல் திரும்ப ஆயுள். டீக்கடையில் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர், அந்த வெடியில் கூட்டாளியைப் பறிகொடுத்தவர், பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "போடறதுன்னா போடு, உடறதுன்னா உடு. இருவது வருசமா ஒவ்வொரு தடவையும் அந்தப் போட்டோவையே போடறானுங்க, செத்தவன் ஊட்டுக்காரம்மா அத எத்தனை தடவைதான் பாக்கும்?" நம் துண்டறிக்கை எதிலும் அந்த வீட்டுக்காரம்மா இல்லை.

சங்ககிரி:
ஆடிப்பெருக்குக்குத் தீரன் சின்னமலைக்கு மாலை போட வந்த ஒருத்தரிடம் நோட்டீஸ் கொடுத்தேன். 1805-இல் இதே கோட்டையில் தூக்கில் போட்டார்களே, அதனால் கேட்பார் என்று ஒரு நப்பாசை. "வெள்ளைக்காரன் போட்டது அநியாயங்க. நம்ம கோர்ட் போட்டா நியாயங்க" என்றார். நோட்டீஸைப் பிரசாதம் மடிக்க வாங்கிக்கொண்டார்.

ஈரோடு:
எல்லாருக்கும் நன்றி. இந்த வருடத் துண்டறிக்கையில் மூவர் வழக்குக்கு முன்னால் கோவை வழக்கைப் போடலாம் என்று நினைக்கிறேன். முதல் பக்கத்தைக் கோவையிலிருந்து இங்கே எழுதியவரே எழுதட்டும். ஆட்சேபம் இருந்தால் பிரஸ்ஸுக்குப் போவதற்குள் சொல்லிவிடுங்கள்.