புதுப்பிப்பு: ஐந்தாம் வகுப்பில் கேலிக் கதைகள்

பழைய தேவதைக் கதைகளை வேடிக்கையாக மாற்றிச் சொன்னால் பிள்ளைகளுக்கு மூலக்கதை குழம்பிப்போகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் மூலக்கதை, அப்புறம் கேலி என்று பலர் சொன்னீர்கள். அப்படியே செய்தேன், நன்றாக வந்தது.

சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையை எடுத்துக்கொண்டேன்: பாட்டியைப் பார்க்கப் போகும் சிறுமியை, பாட்டியை விழுங்கிவிட்டு அவர் இடத்தில் படுத்திருக்கும் ஓநாய் ஏமாற்றும் கதை. 1697இல் பிரான்சில் எழுத்தாளர் பெரோ வெளியிட்ட கதையில் ஓநாய் சிறுமியை விழுங்கிவிடும், அதோடு முடிந்தது. 1812இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் காப்பாற்றுகிறார். இதைக் கேட்டதும் ஒரு பையன், "அப்போ நாமளும் மாத்தலாமா மிஸ்?" என்றான். எனக்கு வேண்டியிருந்ததும் அந்தக் கேள்விதான்.

ஒரு குழு மாற்றி எழுதிய கதையில் ஓநாய், பாட்டியின் நைட்டி இறுக்கமாக இருக்கிறது என்று கடைசிவரை புலம்பியது. வழக்கமாக ஓரிரு வரியோடு நிறுத்திவிடும் ஒரு பெண், பாட்டியின் வாயிலாக ஒரு பக்கம் எழுதினாள்: "என் பேத்தி குரல் எனக்குத் தெரியாதா? ஓநாய் பசிக்குதுன்னு வந்திருக்குன்னு நினைச்சுத்தான் கதவைத் திறந்தேன்." அந்தப் பாட்டி ஓநாய்க்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டாள்!

முந்தைய நாள் மூலக்கதையைச் சொன்னபோது வராத பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் பாட்டி உனக்கு இவ்வளவு பெரிய காது?" என்று மூலக்கதையில் சிறுமி கேட்கும் கேள்விகளின் வரிசை மனதில் இருந்தால்தான் அது உடையும்போது சிரிப்பு வரும். உடல் பருமனையும் நிறத்தையும் வைத்துச் சிலர் கேலி எழுதினார்கள், அதை அங்கேயே நிறுத்தினேன். அடுத்து பாட்டி வடை சுட்ட கதை.